மறந்தவர்களும் பார்வை இழந்தவர்களும் படம் பார்க்கிறார்கள்!

அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில், 53-ஆவது தெருவில் ஒரு பெரிய கலைக்கூடம் இருக்கிறது. நவீனக் கலை அருங்காட்சியகம் என்று பெயர். சுருக்கமாக 'மோமா' என்கிறார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் இடம்.

2006-ஆம் வருஷம் அங்கே செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. அன்று வாசலில் கூட்டம் இருக்காது. ஆனால் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும், பிற்பகலில், கதவு திறந்தது. சிலர் உள்ளே போனார்கள். தனித்தனியாக அல்ல, ஜோடி ஜோடியாக.

கணவனும் மனைவியும் வந்தார்கள். தாயும் மகளும் வந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு மறதி நோய். மற்றவர் அவரைக் கூட இருந்து கவனித்துக்கொள்பவர்.

சாதாரண மறதி அல்ல இது. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று நாம் எல்லோருமே தேடுகிறோம். இந்த நோய் வந்தவருக்கோ கண்ணாடி எதற்கு என்பதே ஒருநாள் மறந்துபோகும். காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. பெற்ற மகளைப் பார்த்து, "நீ யார் அம்மா?" என்று கேட்பார். 1906-இல் அலோய்ஸ் அல்ஸைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர் இந்த நோயை முதலில் விவரித்துச் சொன்னார். அதனால் அல்ஸைமர் நோய் என்றே பெயர் வந்துவிட்டது. இதை முழுவதும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

அப்படிப்பட்டவர்களைப் படம் பார்க்க அழைத்து வந்து என்ன பயன்? வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுவார்களே!

இப்படித்தான் நமக்குக் கேட்கத் தோன்றும். மோமாவில் இருந்தவர்கள் இதை வேறு விதமாக யோசித்தார்கள்.

பரீட்சை வைப்பதில்லை

மறதி நோய் வந்தவருக்கு நாள் முழுவதும் பரீட்சைதான். "இவர் யார் தெரிகிறதா? இன்று என்ன கிழமை? நேற்று வந்தாரே, அவர் பேர் என்ன?" அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் ஒவ்வொரு கேள்வியிலும் அவர் தோற்றுப்போகிறார். கொஞ்ச நாளில் வாயே திறப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களும் அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

படத்துக்கு முன்னால் அந்தத் தொல்லை இல்லை. படம் எதிரே இருக்கிறது. எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. பார்த்தால் போதும்.

சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, நாற்காலி போட்டு, ஒரு படத்தின் முன்னால் உட்கார வைப்பார்கள். கூட்டிப்போகிறவர் கலை சொல்லித்தருகிற ஆசிரியர். அவர் பிரசங்கம் செய்வதில்லை. "முதலில் எல்லோரும் நன்றாகப் பாருங்கள்" என்பார். சிறிது நேரம் மௌனம். பிறகு, "என்ன தெரிகிறது?" என்று கேட்பார்.

இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் கிடையாது என்பதுதான் இதில் உள்ள சங்கதி. ஒருவர் வீடு என்பார். ஒருவர் மேகம் என்பார். ஒருவர், "எனக்கு இந்த நீலம் பிடிக்கவில்லை" என்பார். அதுவும் சரிதான்! ஆசிரியர் ஒவ்வொரு பதிலையும் எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்லி, அதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பார். "நினைவிருக்கிறதா?" என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது.

ஒரு பிற்பகலில் நாலைந்து படங்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம். அவசரமே இல்லை. கட்டணமும் இல்லை.

ஒரு முதியவர் என்று வைத்துக்கொள்வோம். பல மாதமாக மனைவியிடம் முழு வாக்கியம் பேசாதவர். கிராமத்துப் படம் ஒன்றைப் பார்க்கிறார். இந்த நோய் புதிய நினைவுகளைத்தான் முதலில் அழிக்கும். இளமைக் காலத்து நினைவுகள் நெடுநாள் தங்கும். தாம் பிறந்த ஊரின் கோயில் கோபுரத்தைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கிவிடுகிறார். பக்கத்தில் இருக்கும் அம்மாளுக்கு எப்படி இருக்கும்? மருந்து எடுத்துக் கொடுப்பதும், குளிப்பாட்டுவதும், இரவில் விழித்திருப்பதுமாகவே அவளுக்கு நாள் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்றரை மணி நேரம் அவள் தாதி அல்ல. படம் பார்க்க வந்த மனைவி.

வந்து போனவர்களை நியூயார்க் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து பார்த்தார்கள். நோயாளி, கவனிப்பவர் இருவருக்குமே மனநிலை தெளிந்திருந்ததாகக் கண்டார்கள். நோய் குறைந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. அதை நாமும் கூட்டிச் சொல்லக் கூடாது.

இதை எப்படி நடத்துவது என்று ஒரு வழிகாட்டிப் புத்தகத்தையும் 2009-இல் மோமா வெளியிட்டது. மற்ற ஊர்க் கலைக்கூடங்களும் பார்த்துச் செய்யட்டும் என்பதற்காக!

பெரியவர்களுக்கு அனுமதி இல்லை

மோமா இதற்கு முன்பும் இப்படிச் செய்ததுண்டு. அபி ராக்கபெல்லர், லில்லி பிளிஸ், மேரி சல்லிவன் என்ற மூன்று பெண்மணிகள் சேர்ந்து 1929-இல் தொடங்கிய இடம் அது. பங்குச் சந்தை கவிழ்ந்து அமெரிக்காவே அலறிக்கொண்டிருந்த நேரம். சந்தை விழுந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இவர்கள் வாடகை அறைகளில் படம் மாட்டிக் கதவைத் திறந்தார்கள். துணிச்சல்தான்!

அங்கே கல்விப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் விக்டர் டாமிக்கோ. 1942-இல் இவர் குழந்தைகளுக்கென்று ஒரு கலைத் திருவிழா நடத்தினார். அதன் வாசல்தான் வேடிக்கை. கம்பியை வளைத்து, நாலு வயதுக் குழந்தையின் உருவ அளவில் ஒரு வழி. பன்னிரண்டு வயதுக் குழந்தையின் அளவில் ஒரு வழி. அப்பா அம்மா நுழைய முடியாது. வெளியே நின்று, சுவரில் உள்ள வட்டத் துவாரம் வழியாக எட்டிப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

உள்ளே முதல் அறையில் விளையாட்டுச் சாமான்கள். காந்தத்தால் ஒட்டிச் சித்திரம் செய்யும் பலகை, கயிற்றை இழுத்துக் கோலம் போடும் பலகை, தடவிப் பார்க்க ரோமப் பூனை. அடுத்த அறையில் வண்ணம், காகிதம், துணித்துண்டு, பசை. பிள்ளைகள் தாமாகவே செய்ய வேண்டும். "இப்படி வரை, அப்படி வரை" என்று சொல்ல யாரும் இல்லை. அச்சடித்த படத்துக்குள் வண்ணம் தீட்டும் புத்தகங்கள் டாமிக்கோவுக்கு ஆகவே ஆகாது. சித்திரப் போட்டி வைத்துப் பரிசு கொடுப்பதும் பிடிக்காது. விருந்தாளி வந்தால், "மாமாவுக்கு ஒரு படம் வரைந்து காட்டு" என்று பிள்ளையை நெருக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த மனிதர் பார்த்திருந்தால் நம்மையும் துவாரத்துக்கு வெளியே நிறுத்தியிருப்பார்.

இந்தத் திருவிழா நம் நாட்டுக்கும் வந்தது. 1963-இல் புதுடில்லியில் உள்ள தேசியக் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள்.

போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1944 முதல் 1948 வரை இலவச வகுப்புகளும் நடந்தன. துப்பாக்கி பிடித்த கைகள் களிமண் பிசைந்தன, தூரிகை பிடித்தன.

கை சொல்லும் கதை

எந்தக் காட்சிசாலைக்குப் போனாலும் ஒரு பலகை தொங்கும். 'பொருள்களைத் தொடாதீர்கள்.'

தொடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. நம் விரலில் எண்ணெய்ப் பசையும் வியர்வை உப்பும் இருக்கின்றன. ஒரு தடவை தொட்டால் ஒன்றும் தெரியாது. லட்சம் பேர் தொட்டால் பளிங்கு கறுக்கும், வெண்கலம் தேயும். ஓவியமோ ஒரு விரல் பட்டாலே கெட்டுவிடும்.

சரி, கண் தெரியாதவர் என்ன செய்வார்? அவருக்கு அந்தப் பலகை 'உள்ளே வராதீர்கள்' என்று சொல்வதற்குச் சமம் அல்லவா?

1972 முதல் மோமாவில் பார்வை இழந்தவர்களுக்குச் சில சிற்பங்களைத் தொட்டுப் பார்க்க அனுமதி கொடுத்தார்கள். எல்லாவற்றையும் அல்ல. தொட்டால் தாங்கக்கூடியவை எவை என்று பொறுக்கி எடுத்து, பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருந்து காட்டுவார். பல கலைக்கூடங்களில் மோதிரம், வளையல்களைக் கழற்றச் சொல்வார்கள். மெல்லிய கையுறையும் தருவார்கள். முதலில் இரு கைகளையும் விரித்து முழு உருவத்தின் அளவையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் விரல் நுனியால் நுணுக்கம்.

கை காணும் சில விஷயங்களைக் கண் தவறவிட்டுவிடும். ஓர் உதாரணம் சொல்கிறேன். மோமாவில் ஓர் ஆடு இருக்கிறது. பிக்காஸோ 1950-இல் செய்த பெண் ஆடு. எட்ட நின்று பார்த்தால் ஆடு, அவ்வளவே. ஆனால் அவர் அதைச் செய்த விதம் என்ன தெரியுமா? குப்பையில் கிடந்த பழைய பிரம்புக் கூடையை எடுத்து வயிறாக வைத்தார். பனையினத்து மட்டை ஒன்றை முதுகாக வைத்தார். மடிக்கு இரண்டு மண் கலயங்கள்! எல்லாவற்றையும் சுதையால் இணைத்து, பிறகு வெண்கலத்தில் வார்த்தார்கள். விரலால் வருடுகிறவருக்குக் கூடையின் பின்னலும் மட்டையின் வரியும் தட்டுப்படும். கண் உள்ளவர்கள் ஓர் ஆட்டைப் பார்த்துவிட்டு அடுத்த சிற்பத்துக்குப் போய்விடுவார்கள்.

காசு என்னும் கதவு

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இத்தனை பேருக்கும் வழி விட்ட அதே இடத்தில் பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் 2023-இல் 30 டாலராக உயர்ந்தது. நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். நோயாளிக்கும் பார்வை இழந்தவருக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. நாலு பேர் உள்ள ஏழைக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை போக நினைத்தால்? வாசலில் கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். டாமிக்கோ குழந்தை அளவுக்குக் கதவு செய்தார். சட்டைப் பை அளவுக்கு யார் செய்வது?

சொல்லிக் காட்டும் படம்

சிற்பத்தைத் தொடலாம். ஓவியத்தை?

சொல்லித்தான் காட்ட வேண்டும். இதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் படத்தின் அளவு. பிறகு பெரிய பகுதிகள். எது மேலே, எது கீழே, எது இடப்பக்கம். அதன் பிறகு நுணுக்கம். கண் தெரியாதவர் ஆயிற்றே என்று நிறத்தை விட்டுவிடக் கூடாது. பார்வை இழந்தவர்களில் பலர் ஒரு காலத்தில் பார்த்தவர்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கும் 'பனிக்கால நீலம்' என்றால் குளிர் புரியும். "அழகான படம்" என்று மட்டும் சொல்லவே கூடாது. அழகா இல்லையா என்று கேட்கிறவர் முடிவு செய்துகொள்வார்.

மோமாவில் உள்ள மிகப் பிரபலமான படத்தையே எடுத்துக்கொள்வோம். வான்கோ என்ற டச்சு ஓவியர் வரைந்த 'நட்சத்திர இரவு'. இந்தப் பக்கத்தில் அந்தப் படம் இல்லை. இல்லாததும் நல்லதுதான்.

துணியின் மேல் எண்ணெய் வண்ணம். அகலம் சுமார் மூன்றடி, உயரம் இரண்டரை அடி. ஒருவர் இரு கைகளாலும் தூக்கிவிடலாம். படத்தில் பெரும்பகுதி வானம். கீழே ஓரமாக ஒரு சிற்றூர். சின்ன வீடுகள், சில ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். ஊர் நடுவே மாதாகோயில் கோபுரம், ஊசி போல. வலப்பக்கம் மலைத்தொடர், அலை அலையாக. இடப்பக்கம் முன்னால் ஸைப்ரஸ் மரம் ஒன்று; கறுத்த தீ நாக்குப் போல அடியிலிருந்து கிட்டத்தட்ட உச்சி வரை எழுகிறது. வலது மேல் மூலையில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பிறை. பதினொரு நட்சத்திரங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒளி வட்டம். நடு வானத்தில் காற்று ஆற்று வெள்ளம் போலச் சுருண்டு சுருண்டு ஓடுகிறது. வண்ணம் மெல்லிசாகப் பூசியதல்ல. சுண்ணாம்பு அப்பியதுபோல் தடிப்பாக இருக்கிறது. தூரிகை போன திசை எல்லாம் தெரிகிறது.

1889 ஜூன் மாதம், தெற்குப் பிரான்ஸில் ஒரு மனநோய் விடுதியில் இருந்தபோது அவர் இதை வரைந்தார். ஜன்னல் வழியாக இரவில் பார்த்ததைப் பகலில், வேறோர் அறையில் உட்கார்ந்து, மனத்திலிருந்து எழுதினார். அடுத்த வருஷம் இறந்துபோனார். 1941-இல் படம் மோமாவுக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில் கண் மங்கிப்போன பாட்டியோ தாத்தாவோ இருந்தால், சுவரில் உள்ள காலண்டர் படத்தைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள். அளவிலிருந்து தொடங்குங்கள். பெரியதைச் சொல்லிவிட்டுச் சின்னதுக்கு வாருங்கள். நடுவில் அவர் ஏதாவது கேட்டால் நிறுத்திப் பதில் சொல்லுங்கள். அரை மணி நேரமாவது ஆகும். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விட்டதை அவர்கள் சொல்வார்கள்.