வி.ஆர் கேம் ஆடினா தலை சுத்துதா? புது ரேம் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க பாஸ்!

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விமான சிமுலேட்டருக்குள் போகிறீர்கள். கீழே ஊர், மேலே மேகம், கையில் கன்ட்ரோல். எல்லாம் சூப்பர். இறங்குவதற்காகத் தலையைத் திருப்பி ரன்வேயைப் பார்த்த அந்த நொடி, காட்சி லேசாகச் சிக்கி நிற்கிறது. ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. அடுத்த ஐந்தாவது நிமிடம், மலைப்பாதை பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்கும் பயணி மாதிரி, ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு சோஃபாவில் சாய்ந்து கிடக்கிறீர்கள்.

ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும்: ``ஸ்பீடான ரேம் வாங்கிப் போடு மச்சி, எல்லாம் சரியாயிடும்!''

இந்த அட்வைஸ் பாதி சரி. மீதிப் பாதிதான் பர்ஸைக் காலி பண்ணும். 2025-ன் கடைசி மாதங்களில் இருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். இந்த நேரத்தில் தப்பான ரேமை வாங்கினால் வலி ரெண்டு மடங்கு. அதனால், வாங்கறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும், வாங்காமலே என்ன சரி பண்ணலாம்னு வரிசையா பார்த்துடலாம்.

ஒரு விஷயம் முதலிலேயே. குவெஸ்ட் 3 போன்ற ஹெட்செட்டில் தனியாக, கம்ப்யூட்டரே இல்லாமல் ஆடுபவர்களுக்கு இது பொருந்தாது. அதற்குள் இருக்கும் 8 ஜி.பி மெமரியை மாற்றவே முடியாது. கேபிளிலோ வைஃபையிலோ பி.சி-யோடு இணைத்து ஆடுபவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

11 மில்லி செகண்ட் பந்தயம்

2016-ல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட், ஹெச்.டி.சி வைவ் இரண்டுமே 90 ஹெர்ட்ஸ். அதாவது, நொடிக்கு 90 படம். 1000 மில்லி செகண்டை 90-ஆல் வகுத்தால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 11.1 மில்லி செகண்ட். 120 ஹெர்ட்ஸில் ஆடினால் வெறும் 8.3. அதற்குள் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் படம் ரெடியாகியாக வேண்டும்.

மானிட்டரில் ஆடும்போது ஒரு படம் லேட்டானால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். வி.ஆரில் கதையே வேற. தலை திரும்பிவிட்டது என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. இல்லையே என்கிறது கண். இந்தச் சண்டையில் மாட்டிக்கொள்வது உங்கள் வயிறு.

இதைச் சமாளிக்க ஹெட்செட் மென்பொருளிலேயே ஒரு வித்தை இருக்கிறது. கம்ப்யூட்டர் திணறினால் கேமை 90-ல் இருந்து 45-க்கு இறக்கிவிட்டு, இடையில் வரவேண்டிய படங்களை அதுவே யூகித்து வரைந்துவிடும். ஸ்டீம் வி.ஆரில் இதற்கு மோஷன் ஸ்மூத்திங் என்று பெயர். விமானத்தின் புரொபெல்லரைச் சுற்றியோ, வேகமாக வீசும் கையைச் சுற்றியோ காட்சி ஜெல்லி மாதிரி ஆடினால் இந்த வித்தை நடக்கிறது என்று அர்த்தம்.

அதனால் `சராசரி எஃப்.பி.எஸ் 90 வருதே' என்று திருப்திப்படாதீர்கள். சராசரி நன்றாக இருந்தாலும், சில நொடிக்கு ஒருமுறை ஒரே ஒரு படம் 40 மில்லி செகண்ட் எடுத்தால் போதும், தலை சுற்ற ஆரம்பித்துவிடும். ரேம் உதவி செய்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சராசரியைவிட, இந்த திடீர் வெட்டுகளைக் குறைப்பதில்தான் அதன் பங்கு தெரியும்.

தோசை மாஸ்டரும் ரேமும்

டிபன் கடையைக் கற்பனை பண்ணிக்கோங்க. பிராசஸர்தான் மாஸ்டர். கை எட்டும் தூரத்தில் இருக்கும் மேடைதான் ரேம். பின்னாடி இருக்கும் ஸ்டோர் ரூம், எஸ்.எஸ்.டி. மாவு, மசாலா எல்லாம் மேடையில் இருந்தால் தோசை மளமளவென வரும். ஸ்டோர் ரூமுக்கு ஆள் ஓடினால், கல் சும்மா காயும்.

ஒவ்வொரு 11 மில்லி செகண்டிலும் உங்கள் கை எங்கே இருக்கிறது, எதிரி எங்கே நகர்ந்தான், எந்தப் பொருள் எதில் மோதியது என்று எல்லாவற்றையும் பிராசஸர் கணக்குப் போட்டு, `இதை வரை' என்று கிராபிக்ஸ் கார்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்குக்கான டேட்டா ரேமில் இருந்து லேட்டாக வந்தால், ஆர்டரும் லேட்.

ஆனால், படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தமாகத் தனி மெமரி இருக்கிறது. திணறுவது கார்டு என்றால், உலகத்திலேயே வேகமான ரேமை வாங்கி மாட்டினாலும் பலன் இருக்காது.

முதல்ல வியாதி எதுன்னு பாருங்க

இதற்கு ஒரு ஈஸி டெஸ்ட். ஸ்டீம் வி.ஆர் செட்டிங்ஸில் ரெண்டர் ரெசல்யூஷனை 100-ல் இருந்து 60 சதவிகிதத்துக்கு இறக்கிவிட்டு, அதே இடத்தில் அதே கேமை ஆடுங்கள்.

வெட்டு காணாமல் போனால், பிரச்னை கிராபிக்ஸ் கார்டில். ரேம் காசு மிச்சம். காட்சி மங்கலானாலும் வெட்டு அப்படியே இருந்தால், பிராசஸர் - ரேம் பக்கம் சந்தேகப்படலாம். வைஃபையில் ஆடுபவர்கள் ஒருமுறை கேபிளிலும் ஆடிப் பாருங்கள். சில நேரம் குற்றவாளி ரவுட்டராகவும் இருக்கும்.

கேம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பகுதியையும் பாருங்கள். 90 சதவிகிதத்துக்கு மேல் நிரம்பி வழிந்தால், மேடை சின்னது என்று அர்த்தம். அப்போது தேவை வேகமான ரேம் இல்லை, பெரிய ரேம்.

பைசா செலவில்லாத ரெண்டு வைத்தியம்

முதல் வைத்தியம், பயாஸில். 3200 என்று பெட்டியில் போட்ட ரேமை வாங்கி மாட்டியிருப்பீர்கள். ஆனால், அது 2133 அல்லது 2400-ல் நடந்துகொண்டிருக்கலாம். டி.டி.ஆர்5 ரேம் என்றால் பெரும்பாலும் 4800-ல். பெட்டியில் போட்ட வேகம் தானாக வராது, நாம்தான் ஆன் பண்ண வேண்டும். பயாஸில் இன்டெல் போர்டுகளில் எக்ஸ்.எம்.பி, புதிய ஏ.எம்.டி போர்டுகளில் எக்ஸ்போ என்ற பெயரில் அந்த ஆப்ஷன் இருக்கும். நிறைய பேர் வருஷக்கணக்கில் இதைத் தொடாமலே ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது என்ன வேகம் என்பதை டாஸ்க் மேனேஜரே காட்டிவிடும். சி.பி.யூ-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் பாதி எண்தான் தெரியும். 3200 ரேம், 1600 என்று காட்டும். பதறாதீங்க, டி.டி.ஆர் மெமரியில் அப்படித்தான் கணக்கு.

இந்த ஆப்ஷனை ஆன் செய்த பிறகு டி.டி.ஆர்5 சிஸ்டங்களில் முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பவரை ஆஃப் பண்ணிடாதீங்க. கேம் அடிக்கடி க்ராஷ் ஆனால் ஒரு படி குறைந்த வேகத்தில் வைத்து, மெம்டெஸ்ட்86 ஓடவிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வைத்தியம், ஸ்லாட்டில். ஒரே ஒரு 16 ஜி.பி ரேமைவிட, இரண்டு 8 ஜி.பி ரேம் நல்லது. மேடைக்குப் பொருள் வரும் வழி ஒன்றுக்குப் பதில் இரண்டாகிவிடும். இதற்குத்தான் டூயல் சேனல் என்று பெயர். டி.டி.ஆர்4 3200-ல் ஒரு சேனல் நொடிக்கு 25.6 ஜி.பி தரும் என்றால், இரண்டு சேனலில் 51.2. நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிவிட்டால் இந்தப் பலன் கிடைக்காமல் போகும். பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரில் இருந்து எண்ணினால் 2-வது, 4-வது ஸ்லாட்தான் சரியான இடம். போர்டின் மேனுவலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாங்கியே ஆகணுமா? இந்தக் கணக்கைப் போடுங்க

பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். 3200, 6000 என்று பெரிதாக இருப்பது வேகம். கடையில் மெகாஹெர்ட்ஸ் என்பார்கள். நொடிக்கு எத்தனை மில்லியன் முறை டேட்டா கைமாறுகிறது என்பதுதான் அது. பக்கத்தில் சி.எல் 16, சி.எல் 40 என்று சின்னதாக இருப்பது, கேட்டதும் முதல் டேட்டா கைக்கு வர ஆகும் தாமதம். எல்லோரும் பெரிய எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

சி.எல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுங்கள். தாமதம் நானோ செகண்டில் வந்துவிடும்.

* டி.டி.ஆர்4 2400, சி.எல் 17 - சுமார் 14.2
* டி.டி.ஆர்4 3200, சி.எல் 16 - 10
* டி.டி.ஆர்4 3600, சி.எல் 18 - 10
* டி.டி.ஆர்5 4800, சி.எல் 40 - சுமார் 16.7
* டி.டி.ஆர்5 6000, சி.எல் 40 - சுமார் 13.3
* டி.டி.ஆர்5 6000, சி.எல் 30 - 10

டி.டி.ஆர்5 ஒரே நேரத்தில் நிறைய டேட்டாவை அள்ளிக்கொண்டு வரும் என்பது உண்மை. ஆனால் ஒரே 6000-லேயே சி.எல் 30-க்கும் 40-க்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க! டி.டி.ஆர்4-ல் 3200 சி.எல் 16 அல்லது 3600 சி.எல் 18, டி.டி.ஆர்5-ல் 6000 சி.எல் 30. விலைக்கும் பலனுக்கும் பொருத்தமான இடங்கள் இவைதான். இதைத் தாண்டி 7200, 8000 என்று போனால் விலை ஏறும் அளவுக்கு ஆட்டம் மாறாது.

அளவு? ஹாஃப் லைஃப்: அலிக்ஸ் 2020-ல் வந்தபோதே குறைந்தபட்சம் 12 ஜி.பி கேட்டது. இன்றைக்கு 16 ஜி.பி என்பது ஆரம்பப் புள்ளி. ஃப்ளைட் சிமுலேட்டர், டி.சி.எஸ் மாதிரி சிமுலேட்டர் பிரியர்கள் 32 ஜி.பி-க்குப் போவது நல்லது. கையில் இருக்கும் காசுக்கு 16 ஜி.பி அதிவேக ரேமா, 32 ஜி.பி சாதா ரேமா என்று குழப்பம் வந்தால், சிமுலேட்டர் ஆடுபவர்கள் யோசிக்காமல் 32-ஐ எடுங்கள்.

கவுன்டரில் காசு கொடுக்கும் முன்...

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, ஆன்லைனோ, எங்கே வாங்கினாலும் இவற்றை மறக்காதீர்கள்.

டி.டி.ஆர்4 ரேம் டி.டி.ஆர்5 ஸ்லாட்டில் நுழையாது. வெட்டு இருக்கும் இடமே வேற. போர்டு எது என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

வேகத்தைப் போர்டு ஏற்குமா என்றும் பாருங்கள். இன்டெல் எச்610 போர்டில் டி.டி.ஆர்4 என்றால் 3200 தான் எல்லை. அதில் 3600 ரேம் மாட்டினால் கூடுதல் காசு வேஸ்ட்.

இரண்டு ரேமும் ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்குங்கள். பழைய ஒன்று, புதிய ஒன்று என்று கலந்தால் இரண்டும் மெதுவான ரேமின் வேகத்தில்தான் நடக்கும். டி.டி.ஆர்5-ல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினாலும் வேகம் இறங்க வாய்ப்பு அதிகம்.

ஏ.எம்.டி-யின் 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி மாதிரி பிராசஸர் வைத்திருப்பவர்கள் ரிலாக்ஸ் பண்ணுங்க. அவற்றுக்குள்ளேயே 96 ஜி.பி இல்லை, 96 எம்.பி கேஷ் மெமரி இருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்திலேயே பெரிய தட்டு வைத்த மாதிரி. எம்.பி-தானே என்று நினைக்காதீங்க, ரேமின் வேகத்தை நம்பியிருக்கும் தேவை அங்கே நிறையவே குறைந்துவிடும்.

லேப்டாப்காரர்கள், ரேம் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டதா, மாற்றக்கூடியதா என்று மாடல் நம்பரைப் போட்டுத் தேடிவிட்டு முடிவெடுங்கள். பல லேப்டாப்களில் எக்ஸ்.எம்.பி ஆப்ஷனே இருக்காது.

ஆக வரிசை இதுதான்: டெஸ்ட், பயாஸ், ஸ்லாட், அளவு, கடைசியாக வேகம். முதல் மூன்றுக்குச் செலவே கிடையாது. இன்றைக்கு ராத்திரி கேம் ஆடுவதற்கு முன்பு பத்து நிமிடம் ஒதுக்கி அதை மட்டும் செய்து பாருங்கள்.

எல்லாம் செய்த பிறகும் வயிறு புரட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடாதீங்க. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நில்லுங்கள். நிஜ உலகத்துல லேக்கே கிடையாது பாஸ்!