சங்க அலுவலகத்தில் கணினித் திரையும் அதன் கோளாறுகளும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

நமது கூட்டுறவுச் சங்கங்களில் பேரேடும் நாளேடும் இருந்த இடத்தில் இப்போது கணினி அமர்ந்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2,516 கோடி ரூபாய் மதிப்பில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, துணி வரவு, கூலிப் பட்டியல் ஆகியவை கணினியிலேயே பதிவாகி வருகின்றன. இந்த மாறுதல் வரவேற்கத்தக்கதே. ஆயினும் புதிய தறி வாங்கியவர் அதன் நாடாவும் பண்ணையும் எப்படி இயங்குகின்றன என்று அறிந்துகொள்வதைப் போல, கணினியைக் கையாளுவோரும் அதன் அடிப்படைச் செயல்களை அறிந்துகொள்ள வேண்டுவது அவசியம்.

ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நான் அடிக்கடி கேட்கும் முறையீடுகளுள் ஒன்று கணினித் திரையைப் பற்றியது. "வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை இருண்டுவிடுகிறது" என்பார் ஒருவர். "எத்தனை மணி நேரம் விட்டுவைத்தாலும் அணைவதே இல்லை" என்பார் மற்றொருவர். "இருண்ட திரை மீண்டும் வரவே மறுக்கிறது" என்பது மூன்றாமவரின் குறை. இவை அற்ப விஷயங்கள்போலத் தோன்றலாம். ஆனால் இவற்றைச் சரியாக உணராமையால் சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் உண்மையான நஷ்டம் விளைகிறது.

நெசவாளர் சங்கம் ஒன்றில் நேர்ந்ததைக் கூறுகிறேன். கூலிப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் குமாஸ்தா சிறிது நேரம் எழுந்து சென்றார். திரும்பி வந்தபோது திரை கறுத்திருந்தது. மின்சாரம் தடைப்பட்டுக் கணினி நின்றுவிட்டது என்று எண்ணி, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து மறுபடியும் போட்டார். உண்மையில் கணினி நிற்கவில்லை; திரை மட்டுமே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. திடீரென மின்சாரம் அறுந்ததால் அன்றைய கணக்குக் கோப்பு சிதைந்தது. அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துப் பட்டியலை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. அன்று மாலை கூலியை எதிர்பார்த்து வந்த நெசவாளர்கள் வெறுங்கையுடன் வீடு திரும்பினர். சுவிட்சில் கை வைக்குமுன் விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டிப் பார்த்திருந்தால் இத்தனையும் நேர்ந்திராது.

ஸ்கிரீன் சேவர் தோன்றிய வரலாறு

முற்காலக் கணினிகளின் மானிட்டர்கள் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போன்று கண்ணாடிக் குழாயால் ஆனவை. அக்குழாயின் உட்புறம் பூசப்பட்ட பாஸ்பர் என்னும் பொருள், மின்னணுக் கற்றை படும்போது ஒளிவிடும். ஒரே எழுத்துக்கள் ஒரே இடத்தில் பல நாட்கள் நின்றால் அவ்விடத்துப் பூச்சு மட்டும் தேய்ந்து, அழியாத தழும்பு உண்டாகிவிடும். இதைத் தடுக்கும்பொருட்டு, சற்று நேரம் எவரும் விசையைத் தொடாவிட்டால் திரையை வெறுமையாக்கும் சிறு நிரல் ஒன்றை ஜான் சோகா என்பவர் எழுதினார். அது 1983-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சாஃப்டாக் என்னும் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியாயிற்று. ஸ்கிரீன் சேவரின் தொடக்கம் இதுவே. நீந்தும் மீன்களும் பறக்கும் படங்களும் பின்னர் வந்து சேர்ந்த அலங்காரங்கள்.

இன்று நம் அலுவலகங்களில் உள்ளவை பெரும்பாலும் தட்டையான எல்.சி.டி. மானிட்டர்கள். இவற்றில் பாஸ்பர் பூச்சு இல்லை. நெடுநேரம் நின்ற படத்தின் சாயல் சில சமயம் தங்கினாலும், அது பெரும்பாலும் தானே மறைந்துவிடும். ஆகவே திரையைக் காக்கும் பழைய காரணம் இவற்றுக்குப் பொருந்தாது. ஓ.எல்.இ.டி. வகைத் திரைகளில் மட்டும் தழும்பு விழும் அபாயம் இன்றும் உண்டு.

ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது பலரிடமுள்ள தவறான எண்ணம். எல்.சி.டி. மானிட்டரில் படத்தின் பின்னால் விளக்கு எரிகிறது. திரையில் கறுப்பு நிறம் தெரிந்தாலும் அவ்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஓடியாடும் படங்கள் உள்ள ஸ்கிரீன் சேவரோ கணினிக்கு வேலை கொடுத்து, மின்செலவைச் சற்றுக் கூட்டவும் செய்யும். மிச்சம் வேண்டுமாயின் மானிட்டரையே ஓய்வு நிலைக்கு அனுப்ப வேண்டும். கணினி மானிட்டருக்கு "நீ உறங்கலாம்" என்று சமிக்ஞை அனுப்பும் பொது முறை 1993-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது.

நான்கு வெவ்வேறு செயல்கள்

குழப்பங்களுக்கெல்லாம் மூலகாரணம், நான்கு தனித்தனிச் செயல்களை ஒன்றென நினைப்பதே ஆகும்.

முதலாவது, ஸ்கிரீன் சேவர். இதில் எதுவும் அணைவதில்லை. படம் மட்டும் மாறுகிறது.

இரண்டாவது, திரை அணைதல். மானிட்டர் மட்டும் ஓய்வெடுக்கும். கணினி தன் வேலையைத் தொடரும். தலைமை அலுவலகத்துக்குக் கணக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் அது தடையின்றி நடைபெறும்.

மூன்றாவது, ஸ்லீப் எனப்படும் உறக்கம். இதில் கணினியே நின்றுவிடுகிறது. கணக்கு அனுப்புவதும் நிற்கும். அக்கணினியில் உள்ள கோப்பைப் பிற கணினிகள் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அவற்றின் தொடர்பும் அறுபடும். உறக்கத்தில் நினைவகத்தைக் காத்து நிற்பது சிறிதளவு மின்சாரமே. மின்தடை நீடித்து, யு.பி.எஸ். மின்கலமும் தீர்ந்துவிட்டால் சேமிக்காத வேலை போய்விடும். ஹைபர்னேட் என்னும் மற்றொரு நிலையில் நினைவகம் முழுவதும் வட்டில் எழுதப்படுவதால் இந்த அபாயம் இல்லை.

நான்காவது, பூட்டு. கடவுச்சொல் இட்டால் அன்றி மற்றவர் உட்புக முடியாதபடி தடுப்பது இது.

இந்நான்குக்கும் தனித்தனி நேரக் கணக்கு உண்டு. ஸ்கிரீன் சேவருக்குப் பதினைந்து நிமிடமும் திரை அணைதலுக்குப் பத்து நிமிடமும் குறித்திருந்தால், ஸ்கிரீன் சேவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. "ஸ்கிரீன் சேவர் பழுதாகிவிட்டது" என்று நம்மவர் சொல்லுவது பெரும்பாலும் இதைத்தான்.

விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸ் பகுதியின் சிஸ்டம் பிரிவுக்குள் பவர் என்ற தலைப்பில் திரை, உறக்கம் ஆகியவற்றின் நேரங்களைக் காணலாம். ஸ்கிரீன் சேவரோ பெர்சனலைசேஷன் பிரிவில் லாக் ஸ்கிரீன் என்ற தலைப்பின்கீழ் இருக்கிறது. இவை மங்கலாகி மாற்ற முடியாதபடி இருந்தால், கணினியை வழங்கிய வங்கியோ தலைமை அலுவலகமோ அவற்றை நிலைப்படுத்தியிருக்கலாம். அப்போது அவ்விடத்துக்கு எழுதிக் கேட்பதே முறை.

குறைகளும் பரிகாரங்களும்

திரை அணையவே மறுத்தால்: முதலில் மவுஸைக் கவனியுங்கள். ஒளியால் இயங்கும் மவுஸ் பளபளப்பான மேசையின்மேல் இருந்தாலும், விசைத்தறிகள் ஓடும் கட்டடத்தில் மேசை அதிர்ந்தாலும், சுட்டி தானே அசையக்கூடும். அவ்வசைவை ஆள் இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. மவுஸைக் கவிழ்த்துவைத்துச் சோதித்தால் உண்மை விளங்கும். துணி விரிப்பு ஒன்று இட்டால் குறை தீரும். அதன் பின்னும் அணையாவிட்டால், ஏதேனும் ஒரு நிரல் திரையை விழித்திருக்கச் செய்கிறது என்று பொருள். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவே இதற்குப் பெரும்பாலும் காரணம். கமாண்ட் பிராம்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, பவர் என்னும் ஆங்கிலச் சொல்லையும் அதை ஒட்டி சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துக்களையும் தட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடும் ரிக்வெஸ்ட்ஸ் என்ற சொல்லும் இட்டால், எந்த நிரல் தடுக்கிறது என்பதைக் கணினியே பட்டியலிட்டுக் காட்டும்.

குறித்த நேரத்துக்கு முன்னரே இருண்டால்: பத்து நிமிடம் குறித்திருந்தும் ஒரு நிமிடத்தில் இருண்டுவிடுகிறது என்றால், கணினி பூட்டிய நிலையில் இருந்ததா என்று பாருங்கள். பூட்டிய திரை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அணைவது விண்டோஸில் இயல்பாக அமைந்த ஏற்பாடு, அது பழுதன்று. மானிட்டரின் சொந்தப் பட்டியலிலும் ஓய்வு நேரம் தனியாக இருப்பதுண்டு. மடிக்கணினியாயின், மின்இணைப்பில் இருக்கும்போது ஒரு நேரமும், மின்கலத்தில் ஓடும்போது வேறொரு நேரமும் இருக்கும் என்பதை மறக்கலாகாது.

இருண்ட திரை திரும்பி வராவிட்டால்: விசையொன்றைத் தட்டிப் பத்து விநாடி பொறுங்கள். பின்னர் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். விசைப்பலகையில் அதற்குரிய சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால் கணினி உயிருடன் இருக்கிறது. குறை மானிட்டரிலோ கேபிளிலோ படத்தை அனுப்பும் பகுதியிலோதான். கேபிளின் திருகாணிகள் தளர்ந்துள்ளனவா, மானிட்டரின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் என்ற மூன்று விசைகளுடன் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், படம் அனுப்பும் பகுதி மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் கணக்குக்குக் கேடு வராது. மானிட்டரின் விளக்கு எரிந்தும் திரை கறுப்பாகவே இருந்தால், டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலான உருவம் தெரிந்தால் மானிட்டரின் பின்விளக்கு போய்விட்டது. பழுதுபார்ப்பவரிடம் அனுப்ப வேண்டியது மானிட்டரை மட்டுமே.

கணினி உறக்கத்தில் இருந்து விசைப்பலகைக்கு விழிக்காவிட்டால், பவர் பொத்தானை ஒருமுறை மென்மையாக அழுத்தி விடுவித்தால் போதும். சில விநாடிகள் அழுத்திப் பிடிப்பது கணினியை வலுவந்தமாக நிறுத்துவதாகும். சுவர் சுவிட்சும் அத்தன்மையதே. வேறு வழியே இல்லாதபோதுதான் இவற்றை நாட வேண்டும்.

செலவுக் கணக்கு

சிக்கனம் கூட்டுறவின் உயிர்நாடி. மானிட்டர் 20 வாட்டும், சும்மா நிற்கும் கணினி 50 வாட்டும் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மாலையில் நிறுத்தாமல் விட்டுச்சென்ற ஒரு கணினி 16 மணி நேரத்தில் ஒரு யூனிட்டுக்கு மேல், அதாவது 1.12 யூனிட் செலவழிக்கும். ஆண்டில் 300 வேலை நாட்களுக்கு இது 336 யூனிட். நான்கு கணினிகள் உள்ள சங்கத்தில் 1,344 யூனிட் ஆகிறது. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொண்டால் 10,752 ரூபாய். விடுமுறை நாட்களை இதில் சேர்க்கவில்லை. இத்தொகை எவருடைய உழைப்புக்கும் பயன்படாமல் போவது. நிர்வாகச் செலவில் ஏறி, முடிவில் அங்கத்தினரின் ஆதாயத்தில் இருந்தே கழிவது.

பூட்டின் முக்கியம்

மின்செலவிலும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கணினியில் யார் பெயரில் உள்நுழைந்திருக்கிறதோ அவர் செய்ததாகவே ஒவ்வொரு பதிவும் நிற்கும். குமாஸ்தா எழுந்து சென்ற நேரத்தில் வேறொருவர் அமர்ந்து ஒரு பயிர்க்கடன் கணக்கில் கை வைத்தால், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அக்குமாஸ்தாவே. விவசாயியின் கடன் பாக்கியும் அவருடைய நற்பெயரும் அந்தப் பதிவைப் பொறுத்திருக்கின்றன. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை மேசைமேல் வைத்துவிட்டு எவரும் வெளியே செல்லுவதில்லை. பூட்டாத கணினியும் அத்தகையதே. விண்டோஸ் விசையுடன் எல் எழுத்தை அழுத்தினால் ஒரு நொடியில் பூட்டிவிடலாம். மறதிக்கும் இடம் வைத்து, ஸ்கிரீன் சேவரை வெறுந்திரையாக அமைத்து, மீளும்போது கடவுச்சொல் கேட்கும் கட்டத்தில் குறியிட்டு, ஐந்து நிமிடம் என்று நிர்ணயித்துவிடுவது நலம். இந்நாளில் ஸ்கிரீன் சேவரால் விளையும் மெய்யான பயன் இதுவே.

சங்கங்கள் கைக்கொள்ள வேண்டியவை

1. திரை அணைய 10 நிமிடம், பூட்டுக்கு 5 நிமிடம் என்று எல்லாக் கணினிகளிலும் ஒரே சீராக அமைத்தல்.

2. சாதாரணக் கணினிகளுக்கு 30 நிமிடத்தில் உறக்கம். பொதுக் கணக்குக் கோப்பு உள்ள கணினிக்கும், கணக்கு அனுப்பும் கணினிக்கும் அலுவல் நேரத்தில் உறக்கம் இல்லாதபடி செய்தல்.

3. எழுந்து செல்லுமுன் வேலையைச் சேமித்துப் பூட்டுதல்.

4. மாலையில் கணினியை முறைப்படி நிறுத்திய பின்னரே சுவிட்சை அணைத்தல்.

5. "திரை இருண்டால் முதலில் விசையைத் தட்டுக, சுவிட்சைத் தொடாதே" என்று எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்தல்.

இவற்றுக்குப் புதிதாக எந்தச் செலவும் இல்லை. காரியதரிசி அரை மணி நேரம் ஒதுக்கினால் அனைத்தையும் செய்து முடித்துவிடலாம். நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்து, தீர்மானமாகவே பதிவுசெய்துகொள்ளலாம். அங்கத்தினர்களும் அலுவலகத்துக்குச் செல்லும்போது, ஆளில்லா மேசையில் கணக்கு திறந்து கிடக்கக் கண்டால், கூச்சப்படாமல் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு அவர்களுடையது. அதைக் காக்கும் உரிமையும் கடமையும் அவர்களுக்கே முதலில் உண்டு.