உறைந்த நீரும் உடைந்த குழாயும்

நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் விடியற்பொழுதிலே புல்நுனிகளில் வெண்பனி படிந்திருத்தலைக் கண்டோர் பலர். இலங்கையில் வாழ்வோர் அறிந்த கடுங்குளிர் அவ்வளவே. ஞாயிறு எழுந்ததும் அப்பனி கரைந்துவிடும். வீட்டுக் குழாய்களில் உள்ள தண்ணீரை அஃது உறையச் செய்வதில்லை. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர்காலம் வேறு வகையானது. அங்கே கடுங்குளிர் ஓரிரவு நீடித்தாலும் போதும். சுவரினுள் மறைந்திருக்கும் குழாயில் தண்ணீர் கல்லென இறுகலாம். குழாய் வெடித்து வீடு முழுவதும் நனையலாம். கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய பிள்ளைகளிடமிருந்து இத்தகைய செய்தி வரும்போது, உறுதியான செப்புக் குழாயை வெறுந்தண்ணீர் எவ்வாறு பிளந்தது என்னும் ஐயம் இங்குள்ள பெற்றோருக்கு எழுதல் இயல்பே.

பொருள்கள் பெரும்பாலும் குளிருந்தோறும் சுருங்கும். தண்ணீரும் 4 பாகை செல்சியஸ் வரை சுருங்கியே வரும். அதன்பின் அது விரியத் தொடங்கும். உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 வீதம் பருத்துவிடும். பனிக்கட்டி நீரில் மிதப்பதற்கும் இதுவே காரணம்.

ஆதலால், பருத்த பனிக்கட்டி குழாயை நெருக்கி, தான் இருக்கும் இடத்திலேயே அதைப் பிளக்கிறது என்று பலர் எண்ணுவர். உண்மை சற்று வேறானது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்டட ஆராய்ச்சியாளர்கள் 1990 ஆம் ஆண்டுகளில் இதனைச் சோதனை செய்து பார்த்தனர். குழாயின் ஓரிடத்தில் தண்ணீர் முற்றாக உறைந்ததும் அது தக்கை போல வழியை அடைத்துவிடுகிறது. அத்தக்கைக்கும் மூடியிருக்கும் குழாய்வாய்க்கும் இடையே உள்ள தண்ணீர் போக்கிடமின்றி அகப்பட்டுக்கொள்கிறது. பனிக்கட்டி மேலும் வளர வளர அத்தண்ணீரின் அழுத்தம் வழமையைவிடப் பன்மடங்கு ஏறுகிறது. ஈற்றில் குழாய் தன் வலுக்குறைந்த இடத்தில் வெடிக்கிறது. அவ்விடத்தில் பெரும்பாலும் பனிக்கட்டியே இருப்பதில்லை.

குழாய்வாயைச் சிறிது திறந்து தண்ணீரைச் சொட்டவிடுங்கள் என்று குளிர்நாட்டார் கூறும் அறிவுரையின் பொருள் இப்போது விளங்கும். சொட்டும் நீர் உறைதலை எப்போதும் தடுத்துவிடாது. ஆனால் அகப்பட்ட தண்ணீருக்கு ஒரு வழியைத் தரும். அழுத்தம் ஏறாதவிடத்துக் குழாய் உறைந்தாலும் உடையாமற் போகலாம்.

குளிரின் கடுமையைக் காட்டிலும் வீடு கட்டப்பட்ட முறையே இழப்பைத் தீர்மானிக்கிறது. ரொறன்ரோ போன்ற நகரங்களில் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குழாயை, நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே, ஒரு மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் புதைப்பர். அமெரிக்காவின் தெற்கே உள்ள ரெக்சாஸ் மாநிலத்திலோ வீடுகள் வெப்பத்தை நினைந்து கட்டப்பட்டவை. அங்கே பல வீடுகளில் குழாய்கள் கூரைக்குக் கீழுள்ள வெற்றிடத்திலும் வெளிச்சுவரிலும் போதிய போர்வையின்றிச் செல்கின்றன. அத்தகைய குழாய்களுக்கு வெளியே 7 பாகை உறைகுளிர் வந்தாலே ஆபத்து உண்டு என்பது மேற்கூறிய ஆராய்ச்சியின் முடிபு.

2021 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அம்மாநிலத்தைக் குளிர்ப்புயல் தாக்கியது. டலஸ் நகரில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 19 பாகைக்கு இறங்கியது. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் நிலையங்களும் மின்சாரமிழந்தன. வெப்பமூட்டும் பொறி நின்றது, குழாய்கள் உறைந்தன. எனினும் பல வீட்டார் தமக்கு நேர்ந்த இழப்பை அன்றே அறியவில்லை. பனிக்கட்டி தக்கையாய் நின்றவரை வெடிப்பு மறைந்திருந்தது. குளிர் தணிந்து பனிக்கட்டி உருகிய பின்னரே தண்ணீர் கூரைவழியே கொட்டத் தொடங்கியது. குழாய் பொருத்துநர் போதாமையால், பிற மாநிலத்தவரை அழைத்துக்கொள்ளும் பொருட்டு அனுமதிப்பத்திர விதிகளை அரசு தளர்த்த நேர்ந்தது.

செலவு எங்கே பெருகுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். வெடித்த குழாய்த்துண்டை மாற்றுதல் சிறு வேலை. அதன்வழிப் பாய்ந்த தண்ணீரோ பலகைச் சுவரை ஊறவைக்கிறது, மரத்தளத்தை நெளியச் செய்கிறது, மின்கம்பிகளைக் கெடுக்கிறது. நனைந்தவை விரைவில் உலராவிடின் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே சுவரைப் பிரித்தல், பொறிகளால் உலர்த்தல், மீண்டும் கட்டல், அதுவரை வேறிடத்தில் தங்கல் எனச் செலவு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். காப்புறுதி செய்தவரும் பத்திரத்தை நன்கு வாசித்தல் வேண்டும். அமெரிக்காவில் வழங்கும் காப்புறுதிகள் பலவற்றில், வீட்டைச் சூடாக வைத்திருக்கவோ, வால்வை மூடித் தண்ணீரை வடித்துவிடவோ தக்க கவனம் எடுக்காதவருக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். இழப்பீடு கிடைக்கும்போதும், உடைந்த குழாயைத் திருத்தும் செலவு அதனுள் அடங்காதிருப்பது உண்டு.

குழாய் உறைந்துவிட்டது என்று கண்டால் செய்யவேண்டியது யாது? குழாய்வாயைத் திறந்தால் தண்ணீர் வாராமையே முதல் அடையாளம். வெடிப்பு இருக்குமோ என்ற ஐயம் உண்டாயின், தண்ணீர் வீட்டினுள் நுழையும் இடத்திலுள்ள பிரதான வால்வை உடனே மூடுதல் வேண்டும். பின்னர்க் குழாய்வாயைத் திறந்து வைத்து, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றியோ, தண்ணீர் தேங்காத இடமாயின் தலைமயிர் உலர்த்தும் பொறியைக் கொண்டோ, குழாய்வாய்ப் புறத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்லச் சூடேற்றலாம். தீச்சுவாலையை ஒருபோதும் குழாயருகே கொண்டுசெல்லலாகாது; சுவரினுள் இருக்கும் மரம் பற்றிக்கொள்ளும். உறைந்த இடம் கைக்கு எட்டாததாயின் குழாய் பொருத்துநரை அழைத்தலே நன்று.

முன்காப்பு இதனினும் எளிது. வெளிச்சுவரை ஒட்டிய குழாய்க்குப் போர்வை சுற்றலாம். கடுங்குளிர் இரவில் கழுவுதொட்டியின் கீழுள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்துவைத்தால் அறையின் சூடு குழாயை எட்டும். வெளியூர் செல்லும் குடும்பத்தார் பணத்தை மிச்சம்பிடிக்க எண்ணி வெப்பமூட்டும் பொறியை முற்றாக நிறுத்துதல் பெருந்தவறு. வீட்டை 13 பாகைக்குக் குறையாமல் வைத்திருத்தல் வேண்டும் என்பது பொதுவான அறிவுரை.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. பிரதான வால்வு எங்கே இருக்கிறது, அதை எப்பக்கம் திருக வேண்டும் என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். நள்ளிரவில் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும்போது அதைத் தேடித் திரியும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பை ஏற்றிக்கொண்டே போகும். குளிர்நாட்டில் வாழும் பிள்ளைகளோடு பேசும் பெற்றோர், மார்கழி பிறக்குமுன் இந்த ஒரு கேள்வியை அவர்களிடம் கேட்டுவைத்தல் நலம். அதற்கு விடை தெரிந்திருத்தற்கு ஒரு சதமும் செலவில்லை.