பிடிபடாத பட்டணம்

ஊரைப் பிடிக்காமல் திரும்பிய ராஜா அதை எப்படிச் சொல்லிக்கொள்வான்? சனகெரிப்பைக் கேளுங்கள்.

நினிவேயில் கொலுவிருந்த அசீரியச் சக்கரவர்த்தி இவன். பைபிள் படித்த நேயர்களுக்குப் பழக்கமான பெயர்தான். யூதா தேசத்து மன்னன் எசேக்கியா கப்பம் கட்ட மறுக்கவே, கி.மு. 701-ல் பெரும் சேனையோடு கிளம்பி வந்துவிட்டான்.

லாகீஸ் கோட்டை விழுந்தது. அந்த வெற்றியைக் கல்லில் செதுக்கி, அரண்மனையில் ஓர் அறைச் சுவர் முழுக்கப் பதித்துக்கொண்டான். அந்தக் கற்களை இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்க்கலாம். சிம்மாசனத்தில் ராஜா, எதிரே மண்டியிட்ட கைதிகள். கழுவேற்றிய கோரமும் உண்டு. ஆனால் நம் கண் போய் நிற்பது வேறிடத்தில். மாட்டு வண்டியில், மூட்டை முடிச்சுகளின் மேல், பெண்களும் குழந்தைகளும் ஊரைவிட்டுப் போகிறார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பவா அவகாசம் இருந்திருக்கும்?

அடுத்த குறி ஜெருசலேம். சனகெரிப்பின் அதிகாரி ரப்சாக்கே மதிலுக்கு வெளியே நின்று யூதர்களின் பாஷையிலேயே மிரட்டினான். ஜனங்கள் காதில் விழுகிறதே, அரமேய பாஷையில் பேசக்கூடாதா என்று எசேக்கியாவின் மந்திரிகள் கெஞ்சினார்கள். கேட்பானா? அவர்கள் காதில் விழட்டும் என்றுதானே வந்திருக்கிறான்! இன்னும் உரக்கக் கத்தினான். இரண்டாயிரம் குதிரை தருகிறேன், ஏறி உட்கார உங்களிடம் ஆள் உண்டா என்று கேலி வேறு.

எசேக்கியா, எதிரி அனுப்பிய கடிதத்தை ஆலயத்துக்கு எடுத்துப் போய், கடவுள் முன் விரித்து வைத்து ஜபம் செய்தான். அன்றிரவே தேவதூதன் அசீரியர் பாசறையில் 1,85,000 பேரை மாய்த்தான். சனகெரிப் ஊர் திரும்பினான் என்கிறது பைபிள். (கி.மு. 681-ல் பெற்ற பிள்ளைகள் கையாலேயே மாண்டான் என்பதையும் அதுவே சொல்கிறது.) கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை வேறு. எகிப்து எல்லையில் எலிகள் கூட்டமாக வந்து இவன் படையின் வில் நாண்களைக் கடித்துப் போட்டனவாம்!

சரி, சனகெரிப் என்ன சொல்கிறான்? ஆறு பட்டைகள் கொண்ட அவனுடைய களிமண் சாசனம் இருக்கிறது. 46 கோட்டை ஊர்களைப் பிடித்தானாம். எசேக்கியாவைக் கூண்டுப் பறவையாக அடைத்து வைத்தானாம். பொன் 30 தாலந்து, வெள்ளி 800 தாலந்து வாங்கினானாம். பைபிள் கணக்கிலும் பொன் அதே 30 தாலந்துதான். வெள்ளி மட்டும் 300. இவ்வளவு எழுதியவன், ஜெருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் எழுதவில்லை. அரண்மனைச் சுவரில் லாகீஸுக்கு ஏன் அத்தனை இடம் என்பது இப்போது புரிகிறதல்லவா?

அந்தச் சாசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பொன் வெள்ளியோடு எசேக்கியாவின் பெண்களும் அந்தப்புர ஸ்திரீகளும் நினிவேக்கு அனுப்பப்பட்டார்களாம். பைபிள் கதையில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கிடையாது.