கடைசிச் சுற்றுக்கு ஒரு மணி

இரவு பதினொன்று நெருங்கும்போது இங்கிலாந்தின் பல பப்களில் கவுன்டருக்குப் பின்னால் தொங்கும் மணி அடிக்கும். கூடவே ஒரு குரல்: “லாஸ்ட் ஆர்டர்ஸ், ப்ளீஸ்!” யாரையும் எழுந்து போகச் சொல்லும் குரல் இல்லை அது. இன்னொரு சுற்று வேண்டுமென்றால் இப்போதே வாங்கிவிடுங்கள் என்கிறது, அவ்வளவுதான். சற்றுப் பொறுத்து மறுபடியும் மணி அடித்து, “டைம், ஜென்டில்மென், ப்ளீஸ்!” என்றால் விற்பனை முடிந்தது. அதன்பிறகு காசை நீட்டினாலும் ஊற்ற மாட்டார்கள்.

ஆனால், வாங்கியதைக் குடித்து முடிக்க அவகாசம் உண்டு. அதைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்: 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10 நிமிடம், 1988-இல் 20 நிமிடம். பாதிக் கோப்பையோடு ஒரு மனிதரைத் தெருவில் தள்ளக்கூடாது என்று நாடாளுமன்றம் யோசித்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த மூடும் நேரக் கெடுபிடி முதல் உலகப் போரோடு வந்தது. அதற்கு முன் லண்டனில் அதிகாலை 5 மணிக்கே பப் திறக்கலாம். நள்ளிரவு தாண்டியும் நடத்தலாம். ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை கெடுகிறது என்று கவலைப்பட்ட அன்றைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ், ஜெர்மனியைவிடக் குடியே பெரிய எதிரி என்று பேசினார். 1915 முதல் பல பகுதிகளில் மதியமும் மாலையும் சேர்த்து நாளுக்கு ஐந்தரை மணி நேரம்தான் விற்பனை. போர் 1918-இல் முடிந்தது. பிற்பகலில் கதவடைக்கும் வழக்கமோ 1988 வரை நீடித்தது. டி.எஸ். எலியட் 1922-இல் வெளியிட்ட ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதையில், பப்பில் தோழியின் குடும்பக் கதையைப் பேசும் பெண்ணின் பேச்சை இந்த மூடும் நேரக் குரல்தான் திரும்பத் திரும்ப அறுக்கிறது. 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்குப் பிறகு, மூடும் நேரம் அந்தந்தப் பப்பின் உரிமத்தைப் பொறுத்தது.

ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களும் நியூசிலாந்தும் போர்க்காலத்தில் இன்னும் கடுமையாக நடந்துகொண்டன: மாலை 6 மணிக்கே மூடல். ஐந்து மணிக்கு வேலை முடிந்து வருபவருக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. முண்டியடித்து, நின்றபடியே, முடிந்த மட்டும் உள்ளே ஊற்றிக்கொண்டார்கள். ‘சிக்ஸ் ஓ’க்ளாக் ஸ்வில்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பன்றித் தொட்டியில் கொட்டும் கழுநீர்தான் ‘ஸ்வில்’. குடியைக் குறைக்க வந்த சட்டம், நிதானமாகக் குடித்திருக்கக்கூடியவரையும் அவசரக் குடிகாரராக்கியது. அந்தச் சட்டத்தை வீணான கொடுமை என்றே சொல்வேன். நியூ சவுத் வேல்ஸ் 1955-இல் அதைக் கைவிட்டது. நியூசிலாந்து மக்களோ, 1949-இல் கேட்டபோது ஆறு மணியே இருக்கட்டும் என்றவர்கள், 1967 பொதுவாக்கெடுப்பில் இரவு 10 மணிக்கு மூடலாம் என்று வாக்களித்தார்கள்.