இருபத்தைந்தாயிரம் என்றால் இருபத்தைந்து

மூன்று வெப்பநிலை சென்சார்கள். மூன்றும் 25 டிகிரி செல்சியஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்எம்75 என்ற சில்லைக் கேட்டால் 50 என்கிறது. டிஎஸ்18பி20 என்பது 400 என்கிறது. 100 டிகிரியை உச்சமாகக் கொண்ட இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் சென்சாரோ 75 என்கிறது.

மூன்றுமே சரிதான். முதலாவது, அரை டிகிரியை ஒன்றாக எண்ணுகிறது. இரண்டாவது, ஒரு டிகிரியைப் பதினாறு கூறாக்கி எண்ணுகிறது. மூன்றாவது எவ்வளவு சூடு என்று சொல்வதே இல்லை. உச்சத்தைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்கிறது.

இத்தனைக்கும், இவ்வகைச் சில்லுகள் பலவற்றுக்கு ஆதாரம் ஒரே இயற்பியல். சிலிக்கான் சந்தி ஒன்றில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தினால், சூடு ஒரு டிகிரி ஏறும்போது அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். அந்தச் சிறு இறக்கத்தை எண்ணாக்கும் இடத்தில்தான் ஆளுக்கொரு வழி.

லினக்ஸில் ஒரு காலத்தில் இந்தக் குழப்பம் அப்படியே மேலே வரை வந்தது. எந்தச் சில்லு எந்தக் கோப்பில் எதை எழுதும் என்பதை, வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளின் நூலகம் தனித்தனியாக அறிந்திருக்க வேண்டும். புதிய சில்லு வந்தால் டிரைவர் எழுதினால் மட்டும் போதாது, நூலகத்தையும் திருத்த வேண்டும். 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) காலத்தில் ஒரு பொது ஏற்பாடு நிலைபெற்றது. சில்லு எதுவானாலும் வெப்பநிலை 'டெம்ப்1_இன்புட்' என்ற கோப்பில் இருக்கும். அலகு டிகிரியில் ஆயிரத்தில் ஒன்று. மூன்று சென்சார்களும் இப்போது சொல்வது ஒரே எண்: 25000.

ஏன் ஆயிரம்? கெர்னலுக்குள் தசமப் புள்ளிக் கணக்கைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அதற்கான ரெஜிஸ்டர்களை ஒவ்வொரு முறையும் சேமித்து மீட்பது வீண் சுமை. ஆயிரத்தால் பெருக்கிவிட்டால் 25.5 டிகிரி 25500 என்ற முழு எண்ணாகிவிடும். டிஎஸ்18பி20-இன் மிகச் சிறிய படி 62.5, அந்த அரை மட்டும் இதில் அடங்காது. ஒரு டிகிரியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அது. எவருக்கும் நட்டமில்லை.

அமைப்புகளுக்கும் இதே ஒழுங்குதான். 'டெம்ப்1_மேக்ஸ்' மேல் வரம்பு. 'டெம்ப்1_மேக்ஸ்_ஹிஸ்ட்' எச்சரிக்கை ஓய வேண்டிய இடம். இந்த இரண்டாவது எண் எனக்கு மிகவும் பிடித்தது. எல்எம்75-க்கு மின்சாரம் கொடுத்தவுடன் அதில் இருக்கும் வரம்புகள் 80, 75. எச்சரிக்கை 80-இல் எழும், 79.5-க்கு இறங்கினாலும் ஓயாது, 75-க்கு இறங்க வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால், வரம்பின் விளிம்பில் நிற்கும் வெப்பநிலை, எச்சரிக்கையோடு இணைத்த மின்விசிறியை ஓயாமல் போட்டு அணைத்துக்கொண்டே இருக்கும்.

சில்லுக்குத் தெரியாததும் உண்டு. தன் முனையில் மதர்போர்டு தயாரிப்பாளர் எதை இணைத்தார் என்பதை அது அறியாது. சும்மா விடப்பட்ட முனைகூட அபத்தமாக ஓர் எண்ணைக் காட்டும். ஆகவே டிரைவர் சில்லு கண்டதை மட்டும் சொல்கிறது. 'இது பிராசஸர், இது போர்டு' என்று பெயர் சூட்டுவதும், தேவையானால் கணக்கைத் திருத்துவதும் பயனரின் அமைப்புக் கோப்பில் நடக்கிறது. இந்த வேலைப் பிரிவினை மிகச் சரியானது என்றே நினைக்கிறேன். ஆயிரக்கணக்கான மதர்போர்டுகளின் விவரத்தைக் கெர்னல் சுமக்கத் தேவையில்லை.

அலகு ஒன்றாகிவிட்டதாலேயே எண் உண்மையாகிவிடாது. 2017-இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 1800எக்ஸ், மின்விசிறியைக் கட்டுப்படுத்துவதற்காகத் தன் உண்மையான சூட்டைவிட 20 டிகிரி கூட்டியே சொன்னது. 38 டிகிரியில் இருக்கும் சில்லு 58 என்று அறிவிக்கும். லினக்ஸ் டிரைவர் பின்னர் இரண்டு எண்களையும் காட்டத் தொடங்கியது. அறிவித்ததை 'டிசிடிஎல்' என்றும், 20-ஐக் கழித்ததை 'டிடை' என்றும் இரண்டு பெயரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது: 58000, 38000.