சிறிய வயிறு, குறையாத சுவை

பாரிட் புந்தார் நெல் விளையும் கிரியான் வட்டாரத்து ஊர். சோறில்லாததைச் சாப்பாடாகவே நாம் எண்ணுவதில்லை. ஆனால், உடற்பருமனைக் குறைக்க இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு இரைப்பை சிறியதாகிவிடுகிறது.

முதலில் நீராகாரம், பிறகு மசித்த உணவு, அடுத்து மென்மையான உணவு. வழக்கமான உணவுக்கு வர ஏறக்குறைய 2 மாதமாகும். அப்போதும் மீன், முட்டை, பருப்புதான் முதலில். சோறு கடைசியில் சில கவளம். நன்றாக மென்று மெதுவாக உண்ண வேண்டும். 30 நிமிடம் கழித்தே தண்ணீர். டின் பால் தேநீரின் இனிப்பு சிலருக்குப் படபடப்பும் மயக்கமும் தரும். மருத்துவர் கூறும் வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தக்கூடாது.

“இன்னும் ஒரு கரண்டி” என்று அன்பால் வற்புறுத்தினால் அது வாந்தியில் முடியும். சிறிய தட்டில், மணக்கும் மீன் குழம்போடு, கூடி அமர்ந்து உண்போம். அளவு குறைந்தாலும் சுவை குறையாது.